வைரக்கண்ணு அனுப்பாத பதினேழு கடிதங்கள்

1

இந்தக் கதையை எழுத எனக்கு அனுமதி இல்லை. போன சனிக்கிழமை என் மனைவி தேவயானி விக்கிரமங்கலம் போய்விட்டு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதையும் கதை கிதைன்னு எழுதிப்புடாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று அவள் பார்க்கவில்லை.

இன்று வியாழன். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள், நான் விடுப்பு. வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். அவள் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[லினக்ஸ் என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால்

பாடப்புத்தகம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்தது:

[லாரி ஏறியதும் எடைமேடை அறை அதிர்ந்தது. சுவரில் வைரக்கண்ணுவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை

இதில் வைரக்கண்ணு இறந்துவிட்டார். நிஜத்தில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். பதில் போடாத மனிதரைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். மாலையைக் கழற்றிவிட்டேன்.

2

தேவயானி பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். நாங்கள் இருக்கும் குன்னத்திலிருந்து தினமும் பஸ். மிச்ச நேரத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலை: ஒரு லினக்ஸ் குழு. கணினியை இயக்கும் மென்பொருளையும் அதன்மேல் ஓடும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களையும் ஒரே கட்டாகக் கட்டி, கேட்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒருவர் ஜெர்மனி, ஒருவர் பிரேசில், ஒருத்தி குன்னம்.

இந்த முறை பைத்தான் என்ற நிரல்மொழியை 3.11இலிருந்து 3.12க்கு ஏற்றுகிறார்கள். மொழி மாறினால் அதில் எழுதிய எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும்.*

* கட்டுவது என்றால், எழுதிய நிரலைப் பிறர் கணினியில் நிறுவுகிற வடிவத்துக்குக் கொண்டுவருவது. இந்த விளக்கம் போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் தேவயானி சொல்லுவாள்.

பெரும்பாலானவை கட்டி முடிந்துவிட்டன. நின்றுபோன சிலவற்றில் ஒன்று, லாரிகளை ஏற்றி எடைபோடும் எடைமேடையிலிருந்து வயர் வழியாக வரும் எடையைப் படித்துக் கணினிக்குச் சொல்கிற ஒரு சின்ன பேக்கேஜ். பழைய பைத்தானோடு கூடவே வந்த ஒரு பகுதியை அது நம்பியிருந்தது. புதியதில் அந்தப் பகுதி இல்லை. பதினோரு வரி மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அடுத்தவர் பேக்கேஜில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. எழுதிக் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பிறகு எல்லோரும் பார்க்கும்படி, 'இவரைத் தொடர்புகொள்ள யாருக்காவது வழி தெரியுமா?' என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுப்பார்கள். யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் பேக்கேஜே போய்விடும்.

கெடு நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

குழுத்தலைவர் அந்தக் கேள்வியைப் போட்டபோது உலகத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தேவயானி அந்தப் பொறுப்பாளர் பதினோரு வருடத்துக்கு முன் எழுதிய முதல் மடலைத் தேடி எடுத்தாள். அடியில் கையெழுத்து இப்படி இருந்தது: வைரக்கண்ணு, விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்.

"ஏங்க, இந்தாளு நம்ம பஸ் ரூட்டுல இருக்காருங்க!" என்று அன்றைக்கு அவள் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

3

சனிக்கிழமை விக்கிரமங்கலத்தில் விசாரித்துக்கொண்டு போனபோது வைரக்கண்ணு எடைமேடை அறையில் இருந்தார், ஐம்பது வயதிருக்கும் என்றாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையில் நின்றன. 'குழுவிலிருந்து வருகிறேன், பெயர் தேவயானி' என்றதும் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார்.

"எல்லா மெயிலும் பாத்தேங்க. வேலயும் முடிச்சு வச்சிருக்கேன், இங்க பாருங்க."

பதினோரு வரியும் மாற்றப்பட்டுத் தயாராக இருந்தது. தேவயானி மாற்றியிருந்தாலும் அப்படித்தான் மாற்றியிருப்பாளாம்.

"அப்பறம் ஏங்க அனுப்பல?"

"போன வருசம் அனுப்புனதுல ஒரு தப்பாயிடுச்சுங்க. வேற கம்பெனி தராசு வச்சிருந்தவங்களுக்கெல்லாம் எடை தப்பா காட்டிருச்சு. அதுக்கு மெய்ஸ்னு ஒருத்தர், வெளிநாட்டுக்காரர் போல, எல்லாரும் பாக்க ஒரு கேள்வி கேட்டாரு. அதுக்கே நான் இன்னும் பதில் சொல்லலையே. கேட்டதுக்குப் பதில் சொல்லாம அடுத்த வேலய எப்படிங்க அனுப்புறது?"

வரைவுப் பெட்டியைத் திறந்து காட்டினார். பதினேழு கடிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அந்தக் கேள்வியை ஒட்டி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள். தமிழில் சொன்னால்: இதைச் சோதித்தாவது பார்த்தாயா? அதற்குக் கீழே 'டியர் சார், யெஸ், ஐ' என்று ஒன்று நின்றிருந்தது. 'ரெஸ்பெக்டட் சார், வித் லாரி' என்று இன்னொன்று.

"நாப்பது டன் லாரிய ஏத்தி டெஸ்ட் பண்ணேங்க! மூணு தடவ ஏத்தி எறக்குனேன். டிரைவர் என்னைய வஞ்சுட்டுப் போனான். எங்கிட்ட இருந்தது இந்த ஒரு தராசுதான? இத இங்கிலீசுல எழுதுனா ஒண்ணு திமிராத் தெரியுது, இல்லாட்டி கெஞ்சுற மாரி இருக்கு."

(இப்போது மொழிபெயர்க்கக் கருவிகள் இல்லையா என்பீர்கள். தேவயானியும் கேட்டிருக்கிறாள். "போட்டுப் பாத்தேங்க. அது ரொம்பப் பணிவா எழுதுது. நான் அவ்வளவு பணிவான ஆளு இல்லீங்க" என்றாராம். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இங்கேதான்.)

4

இந்த இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தக் குழுவில் தேவயானியின் பெயர் மெய்ஸ்.

நான் வேளாண்மைத் துறையில் மக்காச்சோளப் புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருடத்தில் அவள் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்; ஆங்கிலத்தில் மெய்ஸ் என்றால் மக்காச்சோளம். அந்த ஐந்து சொற்களை எழுதியது அவளுக்கு நினைவே இல்லை. வீடு திரும்பித் தேடிப் பார்த்தாள். இருந்தது.

அங்கே, அந்த நாற்காலியில், அந்த மெய்ஸ் தான்தான் என்று அவள் சொல்லவில்லை. டீயைக் குடித்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றாள்.

5

முடிவுகள்.

(அ) அவள் உண்மையைச் சொல்கிறாள், அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். எழுதி அடித்துவிட்டேன். பதினேழு கடிதம் எழுதிப் பார்த்தவர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

(ஆ) வெள்ளி ஐந்து மணிக்குப் பிறகு அவளே அந்தப் பதினோரு வரியையும் தன் பெயரில் ஏற்றிவிடுகிறாள். புதிய பைத்தானில் எடை சரியாக வரும். உலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. விக்கிரமங்கலத்தில் ஒருவருக்குத் தெரியும்.

(இ) கடைசி நிமிடத்தில் அவரே அனுப்பிவிடுகிறார். எழுத ஆசைதான். ஆனால் பதில் சொல்லாமல் அவர் அனுப்பமாட்டார். அவரை எனக்கு அவ்வளவுக்குத் தெரியும், பார்த்ததில்லை என்றாலும்.

(ஈ)

6

(ஈ)யைக் காலியாக விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை 'நீங்கள்' என்று யாரிடமோ பேசுவதுபோல எழுதினேன். அது நடிப்பு. இந்தக் கதைக்கு வாசகி ஒருத்திதான்.

தேவயானி, கோபப்படாமல் இதுவரை படித்திருந்தால் ஒன்று சொல்கிறேன். இதை எங்கும் அனுப்பப்போவதில்லை. ஐந்து நாளாக நேரில் சொல்ல வாய் வராமல்தான் கதையாக எழுதினேன். நானும் அவரைப் போலத்தான்.

போன வருடத்து மடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. உன் ஐந்து சொல்லுக்குக் கீழே பதில் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. அதில் அவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. அவர் சோதித்தார் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீ வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. நான் எழுந்துகொள்கிறேன். லேப்டாப் உனக்கு வேண்டியிருக்கும்.