உறவினர் அல்லாத ஒருவர்

சின்னக்கானலில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு வந்து, அங்கிருந்து நான்கு பேருந்து மாறிக் கொழிஞ்சாம்பாறையில் மறைக்கல்வி கற்பிப்போருக்கான வேதியர் பயிற்சிப் பள்ளியின் படியேறியபோது, ஜிஸ்மிக்குக் கால் தரையில் பாவவில்லை. திருமுழுக்குச் சான்று, பங்குத்தந்தை கடிதம், மருத்துவச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று கேட்டதெல்லாம் பையில் இருந்தது. சேர்க்கைக்கு அன்றே கடைசி நாள். நான்கு மணிக்கு வாசல் மூடிவிட்டால் இன்னும் ஓராண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டியதுதான்.

முதல்வர் சுவக்கீன் சாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தவர், நற்சான்றுக் கடிதங்களில் நின்றார்.

"ஏனுங்க கண்ணு, உறவினர் அல்லாத ஒருத்தர் எழுதோணும்னு போட்டிருந்தோமே. கடைக்காரர் 'என் மூத்த மகள்'ங்கறாரு. டிரைவர் 'என் தங்கச்சி'ங்கறாரு. ஆயாம்மா 'என் மருமகள்'னே எழுதிட்டாங்க. உங்க எஸ்டேட்டுல உங்களுக்குச் சொந்தமில்லாத ஆளே இல்லீங்களா?"

"யாருமே சொந்தமில்ல சாமி! ஒரே லயத்துல பக்கத்து பக்கத்து வீடு. அப்படித்தான் கூப்பிட்டுக்கிடுவோம்."

"கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா போன வருசம் ஒருத்தருக்கு மாமனாரே எழுதிக் கொடுத்துட்டாரு. மேலிடத்துல ஏச்சு வாங்கினது நானுங்க." சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். "போன்ல கேட்டு நானே எழுதிக்கறேன். உங்களை முறை வெச்சுக் கூப்பிடாத ஆள் ஒருத்தர் சொல்லுங்க."

ஜிஸ்மி மனத்துக்குள் லயம் முழுவதையும் வீடு வீடாகச் சுற்றி வந்தாள். சித்தப்பா, அத்தை, மதினி, மாமா. கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். கொழுந்து நிறுக்கும் சூப்பர்வைசர் சுடலை. ஐந்து ஆண்டுகளாக அவருக்கும் அவளுக்கும் பேச்சென்றால் சண்டைதான். கிணற்றைக் காட்டி ஏமாற்றிய முயல், அதிலிருந்து ஏறி வந்த அதே சிங்கத்திடம் போய் நற்சான்று கேட்டதுபோல, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

சாமியார் தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டினார். "வேதியர் பள்ளிச் சாமியார் பேசறேனுங்க. ஜிஸ்மிங்கற பொண்ணைத் தெரியுங்களா?"

"தெரியுமாவா! அஞ்சு வருசமா என் உசுர வாங்குதா. அங்கயும் வந்து என்ன செஞ்சா?"

"உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஐயோ சாமி, அப்படி ஒரு சொந்தம் எனக்கு வேண்டவே வேண்டாம்!"

'உறவினர் அல்லர்' என்று சாமியார் அழகாக எழுதினார். ஜிஸ்மிக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நடத்தை எப்படிங்க?"

"நடத்தையா? மழை வந்தா எல்லாவளும் ஓடுவா. இவ மட்டும் வயசானவளுக கூடைய எல்லாம் தலையில தூக்கிக்கிட்டு கடைசியா வருவா. சோத்து நேரத்துல பிள்ளைகளக் கூட்டி வச்சுக் கதை சொல்லுவா. அதுக அவள விட்டு ஸ்கூல் ஜீப்புல ஏற மாட்டேங்குதுக. ஒருநா, தராசு சரியில்லன்னு அத்தனை பேருக்கு முன்னால என் மூஞ்சிக்கு நேரா சொன்னா சாமி!"

"தராசு சரியா இருந்துதுங்களா?"

காற்றின் இரைச்சலுக்கு நடுவே சுடலை தொண்டையைச் செருமினார்.

"...இல்ல."

சாமியாரின் பேனா பறந்தது. பிறர்க்கு உதவுபவர். குழந்தைகளுக்கு இனியவர். உண்மை பேச அஞ்சாதவர். மணி நான்காக இன்னும் ஐந்து நிமிடம்.

"அவள எத்தன நாளு வச்சுக்கிடுவீக?" என்றார் சுடலை.

"ரெண்டு வருசமுங்க."

"ரெண்டு வருசமா?" குரல் சட்டென்று இறங்கியது. "அப்ப இங்க யாரு என்கிட்ட சண்டைக்கு நிப்பா?" மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "சாமி... எம் மகளப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க. குளிரு தாங்குவா, வெயிலு தாங்க மாட்டா."

பேனா நின்றது. ஜிஸ்மியின் சிரிப்பும் நின்றது. ஐந்து ஆண்டு முறை சொல்ல வாயே திறக்காத மனிதர், திறக்கக் கூடாத ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்!

சாமியார் தொலைபேசியை மெல்ல அணைத்தார்.

"மலையில சிக்னல் ரொம்ப மோசமுங்க கண்ணு," என்றார். "கடைசியில அவரு என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கவே இல்லை." கையெழுத்திட்டு, முத்திரையை எடுத்து மேசை அதிரக் குத்தினார்.