பட்டியலில் இல்லாத குரல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சேலத்தில் ஒரு குரல் தொலைந்துபோன கதையைச் சொல்கிறேன். மனசைப் பிசையும்தான், பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடியில் கணினி அலுவலகம். லாரி ஓட்டுநர் வாயால் சொல்வதைக் கேட்டு, சரக்கு எங்கே போகிறது என்று தானே எழுதிக்கொள்ளும் செயலி அங்கே தயாராகிறது. அது சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பது தனப்பிரியாவின் வேலை. எடப்பாடி, ஆட்டையாம்பட்டி, திருச்செங்கோடு என்று நாற்பது ஓட்டுநர்களின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாகச் செயலிக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு சோதனைக் கருவி இருந்தது.

அந்த நாற்பதுக்கும் முன்னால் இன்னொரு பதிவு உண்டு. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போடுவது. அது அவள் கணவன் தனசேகரின் குரல். அவனும் லாரிக்காரன். கருவி வந்த புதிதில், "எதாச்சும் பேசுங்க" என்று இவள் கேட்க, போனில் அவன் பேசியது:

"ஏனுங்க அம்மிணி, கேக்குதுங்களா? சங்ககிரி தாண்டிட்டனுங்க. ஊட்டுக்குத்தான் வாரேன். இன்னைக்கும் ரசம்னா அப்படியே திரும்பிப் போயிருவேன்!"

காலையில் யார் முதலில் வந்தாலும் அதைப் போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். "அண்ணன் ஊட்டுக்கு வந்துட்டாரு, வேலையப் பாப்பமா?" என்பார் குழுத்தலைவர் கௌசிக். எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

போன ஆவணியில் நாக்பூர் பக்கம் அவன் லாரி கவிழ்ந்தது. அவனோடு அவன் போனும் நொறுங்கியது. கல்யாண வீடியோவிலும் அவன் குரல் இல்லை, மேளச் சத்தம்தான் இருந்தது.

பிறகு யாரும் அந்தப் பதிவைச் சத்தமாகப் போடவில்லை. தனப்பிரியா மட்டும் காலையில் ஹெட்போனில் ஒரு தரம் கேட்பாள். கேட்டுவிட்டால் அன்றைய பொழுது எப்படியோ நகர்ந்துவிடும்.

மூன்றாம் மாதம் மாமியார் சௌந்திரம் கேட்டாள்: "அவன் பேசுனது எதுலயாச்சும் இருக்குதா சாமி? ஒருக்காக் கேட்டாப் போதும்."

"இல்லீங்கத்தை" என்றுவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஒப்பாரியாகிவிடும். அலுவலகத்திலேயே இருந்தால் அவன் இன்னும் சங்ககிரி தாண்டி வந்துகொண்டே இருப்பான் என்று ஒரு நினைப்பு. அந்தப் பொய் உறுத்தியது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போயிற்று.

இந்த வருஷம் சோதனைகளையெல்லாம் ஏஐ ஏஜென்ட் செய்யும் என்றார்கள். ஆள் இல்லை, எழுதிக் கொடுத்ததைப் படித்துத் தானே வேலை செய்யும் மென்பொருள். கருவியை எப்படி இயக்குவது என்று அதற்கு வழிகாட்டி எழுதும் பொறுப்பு தனப்பிரியாவுக்கு வந்தது.

"நமக்குப் பழகுனதெல்லாம் அதுக்குத் தெரியாதுங்கக்கா. புது மருமகளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க" என்றார் கௌசிக்.

"புது மருமகளாச்சும் மாமியார் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்குவா தம்பி. இது யாரு மூஞ்சியப் பாக்கும்?"

இரண்டு வாரம் எழுதினாள். எந்தக் கட்டளைக்கு என்ன விடை வரும், எது பிழை, எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம். ஒலிபெருக்கியைச் சோதிக்கும் கட்டத்தில் மட்டும் கை நின்றது. ஏஜென்ட் ஒலிக்கோப்பை நேராகப் படித்துவிடும்; ஒலிபெருக்கி எதற்கு? விட்டுவிட்டாள். ஒவ்வொரு சோதனைக்கும் துண்டு துண்டாகக் கோப்புகள் சேர்ந்து குப்பையாகும். அதனால் கடைசியில் எழுதினாள்: 'முடிந்ததும் பட்டியலில் உள்ள நாற்பது பதிவுகள் மட்டும் இருக்க வேண்டும். மற்றவற்றை அழிக்கவும்.'

திங்கட்கிழமை காலை அறிக்கை வந்தது. நாற்பது சோதனைகளும் தேறின. பட்டியலில் இல்லாத இருநூற்றுப் பதின்மூன்று கோப்புகள் அழிக்கப்பட்டன. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிவிட்டு, வழக்கம்போல ஹெட்போனை எடுத்து மாட்டினாள். தனசேகரின் பதிவு இருந்த இடம் காலியாக இருந்தது.

கௌசிக் மதியம்வரை தேடினார். இடத்தை அடைக்கும் என்று ஒலிக்கோப்புகளுக்கு மட்டும் நகல் எடுப்பதில்லை. "ஏஜென்ட் ஒண்ணும் தப்பா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"தெரியுந்தம்பி. நான் எழுதுனதத்தான் செஞ்சிருக்குது."

பழைய அறிக்கை ஒன்றில், செயலி அந்தப் பேச்சைக் கேட்டு எழுதிய வரி மட்டும் கிடந்தது. கௌசிக் அதைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். தனப்பிரியா வழிகாட்டியைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள்: 'பட்டியலில் இல்லாத எதையும் அழிக்கும் முன் எங்களைக் கேட்கவும்.' பிறகு பஸ் ஏறினாள்.

வீட்டில் சௌந்திரம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, இருந்ததையும் மறைத்ததையும் போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

முறத்தில் கை நின்றது. "இத்தன நாளு இருந்துச்சா? எனக்கு ஒருக்காக் குடுக்கோணும்னு தோணலயா சாமி?"

தனப்பிரியா அச்செடுத்த தாளை எடுத்து நீட்டினாள். சௌந்திரம் அதை வாங்காமல், "படி" என்றாள்.

"ஏனுங்க அம்மிணி, கேக்குதுங்களா..."

"அப்படி வெடுக்குனு சொல்லமாட்டான். இழுப்பான்."

"அம்மிணீ..."

"அம்புட்டு இல்ல." கிழவி தானே சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மருமகள் இன்னொரு தரம் சொன்னாள். அதுவும் இல்லை. எத்தனை இழுப்பு என்று தாளில் இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைக்காய் உரிக்காமலே கிடந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பேசுகிறவர்கள் எல்லோரும் நூறு வருஷம் பேசிக்கொண்டே இருக்கட்டும். வாரேன் என்று சொல்லிப் போனவர்கள் சோறு ஆறுவதற்குள் வந்து சேரட்டும்.