மெனுவின் கடைசி வரி

பத்தாங் காலி துக்க உதவிச் சங்கத்தின் இணையத்தளத்தை அன்பரசிதான் செய்தாள். ரவாங்கில் தொழிற்சாலை அலுவலக வேலை, ஞாயிறுகளில் இது. மெனுவில் எட்டு வரிகள். சவ வண்டி கேட்கும் பக்கம் எட்டாவது. திறந்ததும் அந்தச் சொல் கண்ணில் படக்கூடாது என்றார் தலைவர் சன்னாசி. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

வெள்ளிக்கிழமை காலை, உறுப்பினர் ரவீந்திரன் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். சுங்கை புரோங்கில் லோரி ஓட்டுபவர். விடியற்காலையில் மனைவி திலகம் இறந்துவிட்டாள். ஒரு மணி நேரம் தேடியும் வண்டிக்கான பக்கம் கிடைக்கவில்லை; தளத்தின் அடியில் இவள் எண்தான் இருந்தது என்றார்.

அன்பரசி வண்டிக்காரரைப் பிடித்து அனுப்பினாள். பிறகு மெனுவைத் திறந்தாள். கணினியிலும் எட்டு வரிகள், அவள் கைப்பேசியிலும் எட்டு. அழுத கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று விட்டுவிடப் பார்த்தாள்.

ரவீந்திரனே மறுபடி கூப்பிட்டார்.

“தங்கச்சி, வண்டி வர நேரமிருக்கு. அந்த மெனுவ பாத்துருவோம். நாளைக்கு இன்னொருத்தன் இப்படி நிக்கக் கூடாது லா.”

“இப்ப வேணாம்ணே.”

“சும்மா உக்காந்தா அவ மொகந்தான் வருது. கேளு.”

கேட்டாள். வரி வரியாக வாசித்தார். ஐந்தோடு நின்றது. விரலால் மேலே தள்ளச் சொன்னாள். பின்னாலிருக்கும் படம்தான் நகர்கிறது, மெனு அசையவில்லை என்றார். எழுத்து பெரிதா என்று கேட்டாள்.

“பெருசுதான். திலகம் வச்சுக் குடுத்தா.”

தன் கைப்பேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கினாள். கடைசி மூன்று வரிகள் திரைக்குக் கீழே போய்விட்டன. மெனு தனியாக நகர அவள் வழி வைக்கவில்லை. ஒரே ஒரு கட்டளை. எழுதிச் சேர்த்துவிட்டு மீண்டும் திறக்கச் சொன்னாள்.

“வந்துருச்சு,” என்றார். கடைசி வரிவரை வாசித்துக் காட்டினார். பிறகு வண்டி வந்துவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசியை வைத்தார்.

அதோடு விடாமல் அவள் சன்னாசியைக் கூப்பிட்டாள். அந்த வரியை முதலில் வைக்க வேண்டும் என்றாள். அவர் முணுமுணுத்தார். பிழையைக் கண்டுபிடித்தது யார், எங்கே உட்கார்ந்து என்று சொன்னாள்.

“மேல போடும்மா,” என்றார்.

மாலையில் துக்க வீட்டுக்குப் போனாள். வண்டி அனுப்பிய தங்கச்சி இவள் என்று ரவீந்திரன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

“சரி பண்ணது அண்ணன்தான்,” என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை. எழுந்து வந்துவிட்டாள்.