டீ வராத கூட்டம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. பயிற்சிக் காரில் அவர்கள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர்கள் அழுத்தி நிறுத்திவிடலாம். வருஷக்கணக்காக அப்படியே பழகிப்போய், மனசு பதறினால் போதும், வலது கால் எங்கே இருந்தாலும் தரையைப் போட்டு அழுத்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கும் அப்படித்தான், சாப்பிட உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. "சாப்பாட்டு மேஜைக்கு எதுக்கு பிரேக்?" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கால் ஓயவே இல்லை. கால்வாயின் மேலிருந்த நடைபாலத்தில் ஒரு பக்கக் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து தண்ணீரோடு போய்விட்டது. அவளுடைய மகள் பள்ளிக்கூடம் போவது அந்த வழியாகத்தான். சுற்றிக்கொண்டு போனால் லாரிகள் பறக்கும் சாலை. கூட்டிக்கொண்டு போகலாமென்றால், காலை நேரத்தில்தான் வேலைக்குப் போகிறவர்கள் கார் பழக வருவார்கள். ஒரு நாள் குழந்தை பாசியில் வழுக்கி, உட்கார்ந்தபடியே பாலத்தின் ஓரம் வரைக்கும் சறுக்கிப் போய் நின்றிருக்கிறாள். போனது ஒரு செருப்பு மட்டும்.

"செருப்புதானேம்மா. மாமாதான் நகராட்சியில இருக்காரே, பாலத்தைச் சரி பண்ணிடுவாரு" என்றாள் மகள். செருப்போடு சேர்ந்து தாயின் தூக்கமும் போய்விட்டது.

மாமா என்றால் அவளுடைய சொந்த அண்ணன். அந்த வட்டாரத்தின் நகராட்சி மன்ற உறுப்பினர் அவர்தான். தேர்தலின்போது தன் பயிற்சிக் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவள் அவள். காரின் முதுகிலிருந்த 'பழகுநர்' என்ற பலகையைக் கழற்ற மறந்துவிட்டதில் ஊரே சிரித்தது. அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் 'சமாதானம்'. யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். எதிராளி வந்து நேர்மாறாகச் சொன்னால் அதுவும் சரிதான். இப்படிப்பட்ட மனிதருக்கு ஓட்டுக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

பாலத்துக்கென்று மன்றம் ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து, அலுவலக வாசலில் நான்கு முகம் வைத்த கடிகாரக் கோபுரம் கட்டப்போகிறார்களாம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஏகமனதாக என்றால் அண்ணனும்தானே? அவள் நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"நான் மனசார எதிர்த்துத்தாம்மா இருந்தேன்" என்றார் அவர். "ஆனா டீ வந்துடுச்சு."

"டீக்கும் பாலத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"வந்து பார்த்தாத்தான் உனக்குப் புரியும்" என்று மென்று முழுங்கினார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று அடுத்த கூட்டத்துக்கே போனாள். பொதுமக்களுக்கென்று கடைசியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் தூசியைத் தவிர யாரும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தெருவிளக்கு, சாக்கடை என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். அதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சண்டைகூடப் போட்டார்கள். கடைசித் தீர்மானத்துக்கு மட்டும் தலைவர் அவசரமே காட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், தாளைப் புரட்டினார், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளித் தாழ்வாரத்தில் கேன்டீன்காரம்மா டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டதும்தான் அவருக்குக் குரல் வந்தது. ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "ஏற்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார்.

அத்தனை பேரும் எழுந்தார்கள். எழாமல் என்ன செய்வார்கள்? தாழ்வாரத்தில் பிஸ்கட் கொஞ்சம்தான் இருக்கும், முந்துகிறவருக்குத்தான் கிடைக்கும். எழுத்தர் தலையை நிமிர்த்தி, எல்லோரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார். அன்று நிறைவேறியது தலைவரின் கார் நிற்கும் கொட்டகைக்குப் புதுக் கூரை. என்ன நிறைவேறியது என்று டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கே தெரியவில்லை. அவள் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைசியில் ஆத்திரம்தான் மிஞ்சியது.

எழுத்தரிடம் போய் நின்றாள். "யார் யார் எழுந்தாங்க, யார் உக்காந்திருந்தாங்கன்னு பேரோட சொல்ல மாட்டீங்களா?"

"ஊர்க்காரங்க யாராவது முன்கூட்டியே எழுதிக் கேட்டா, பேரைக் கூப்பிட்டுத்தான் பதியணும்னு விதி இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்."

அவர் பேனாவை நீட்டினார். அந்த மனிதருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்று அவளுக்குப் பட்டது. "அடுத்த கூட்டத்துல கடைசித் தீர்மானம் என்னன்னு தெரியுமா? பாலத்துப் பணத்துல மீதிப் பாதி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பழக வந்தவர்கள் ஒழுங்காக ஓட்டும்போதும் பிரேக்கை அழுத்தினாள். "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்று ஒருவர் பாவமாகக் கேட்டார். மன்ற உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வந்தாள். எல்லோரும் மனசார எதிர்த்தவர்கள்தான், எல்லோருக்கும் டீ வந்துவிட்டதுதான். அண்ணன் வீட்டுக்கும் மறுபடி போனாள். "இந்தத் தடவை நான் எந்திரிக்க மாட்டேம்மா. மருமக நடக்குற பாலம், எனக்கு இல்லாத அக்கறையா?" என்றார் அவர். அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அண்ணன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கேன்டீன்காரம்மா அவளிடம் வேன் பழகிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் சுவரைத் தேடிப் போய் முட்டுவார்.

"அந்தக் கூட்டத்தன்னைக்கு டீயைக் கொஞ்சம் தாமதமா கொண்டாங்கக்கா" என்றாள் அவள்.

"தலைவர் திட்டுவாரே?"

"அடுப்பு மக்கர் பண்ணுதுன்னு சொல்லுங்க. உங்களுக்கு ரிவர்ஸ் வர்ற வரைக்கும் காசு வாங்காம சொல்லித் தர்றேன்."

"அப்போ நீ ஆயுசுக்கும் காசு வாங்க முடியாது" என்று சிரித்தார் அந்த அம்மா. டீ வராது என்று ஆயிற்று.

கூட்டத்தன்று பெஞ்சைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கடைசித் தீர்மானத்தில் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வாசலைப் பார்த்தார். டம்ளர் சத்தம் கேட்கவில்லை. எழுத்தர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "பேர் சொல்லிப் பதியணும்னு மனு வந்திருக்கு" என்றார். தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழியில்லாமல் வாசித்தார். பாலத்துப் பணத்தின் மீதியும் கடிகாரத்துக்கு. "ஏற்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார். தானே முதலில் எழுந்தார்.

தலைவரின் மைத்துனர் எழுந்தார். கோபுரத்துக்குச் செங்கல் கொடுக்கிறவர் எழுந்தார். மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, சமாதானத்தின் முகத்தில் நிறுத்தினார்.

அண்ணன் எழுந்தார்.

பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். பெஞ்சிலிருந்தே சொன்னாள்: "அண்ணே, டீ இன்னும் வரலண்ணே. உக்காரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தார், உட்காரவில்லை. எழுத்தர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அண்ணனின் முறை வந்தபோது, காதுக்கு எட்டாத குரலில் "ஏற்கிறேன்" என்றார். நின்றவர்கள் நான்கு பேர், உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். தீர்மானம் தோற்றது. பாலத்துக்கு மீதிப் பணம் பிழைத்தது. கம்பி போட அது போதும் என்று எழுத்தரே சொன்னார்.

அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் அண்ணன் பக்கம் திரும்பாமல் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள்.

அப்புறம்தான் டீ வந்தது. தாழ்வாரத்தில் அண்ணன் இரண்டு டம்ளரோடு அவளைத் தேடி வந்தார்.

"அதான் பாலம் கிடைச்சுடுச்சே. அப்புறம் ஏம்மா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"

"கிடைச்சுது. உன்னால இல்ல."

அவர் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார். "தலைவர் என் முகத்தையே பார்த்துட்டாரும்மா. அப்புறம் எப்படி உக்காந்திருக்கறது?"

"நானும் உன் முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன், அண்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுவும் சரிதான் என்று சொல்ல வந்தாரோ என்னவோ, அது வெளியே வரவில்லை. அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு மகள் ஓடி வந்துவிட்டாள். முதுகில் பை, வாயெல்லாம் பல். வாசலிலேயே யாரோ அவளிடம் சேதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, பாலத்துக்குக் கம்பி போடப் போறாங்களாமே. நீங்கதானே மாமா பண்ணீங்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கண்ணாடி உடைந்தாலும் சரி, பரீட்சையில் மார்க் குறைந்தாலும் சரி, அப்பா எதிரில் நின்றுகொண்டு இவளைத்தான் பார்ப்பார். இவள்தான் முந்திக்கொண்டு எதையாவது சொல்லிக் காப்பாற்றுவாள். இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் ஒரு பொய் வந்து நின்றது. வலது கால் தரையை அழுத்தத் துடித்தது.

அவள் அழுத்தவில்லை. பேசாமல் நின்றாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள் மகள்.