நீலச் சட்டையின் தட்பவெப்பம்

வெல்டர் வெளிநாட்டு வேலைக்குப் போன ஒன்பதாம் நாள், அவன் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் கிடந்த அவனுடைய நீலச் சட்டையில் மட்டும் மணல்காற்று அடித்தது. பக்கத்தில் தொங்கிய துண்டும் போர்வையும் ஆடவில்லை அசையவில்லை. சட்டை மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படபடத்தது. அவன் மனைவி தையல்காரி. துணி என்ன சொல்கிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டால் அரைப்பிடி வெள்ளை மணல், காலரில் உப்புப் பூத்திருந்தது. அவர்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அன்று சாயங்காலம் போனில் பேசிய வெல்டர், ரூமிலிருந்து நூறடியில் கடல், வெயில் மண்டையைப் பிளக்கிறது, சோற்றிலெல்லாம் மணல் என்றான். சட்டையைப் பற்றி அவள் சொன்னாள். "அட, அத எடுத்து வைக்க மறந்துட்டேன் பாரு" என்றான். அதற்கு மேல் பேச அதில் ஒன்றும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

வெல்டரின் அக்காவுக்குத்தான் குஷி. பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள், தெருவில் அவளுக்கு அட்லஸ் என்று பெயர், முகத்துக்கு நேராக இல்லை. தையல்காரி கூப்பிடுவது அண்ணி என்று. கீழ்ப்போர்ஷனில் தனியாக இருந்தவள் தினமும் மாடிக்கு வந்து, ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நம்ம ஊர், அந்தப் பக்கம் தம்பி ஊர் என்று எழுத ஆரம்பித்தாள். இங்கே ஆற்றங்கரைச் சமவெளி, களிமண், வருஷத்தில் நான்கு மாதம் மழை, புழுக்கம். அங்கே கடலோரப் பாலை, இரண்டு வருஷத்தில் மொத்தமாகச் சட்டை நனைந்தது மூன்று நாள். மற்றத் துணிகளின் நிழல் பன்னிரண்டு மணிக்குச் சுருங்கும். சட்டையின் நிழல் ஒன்றரை மணிக்குத்தான் சுருங்கும். "அங்க உச்சிப்பொழுது ஒன்றரை மணி நேரம் லேட்டும்மா. மேற்கால அவ்வளவு தூரத்துல இருக்கான்" என்று அண்ணி விளக்குவாள். தையல்காரிக்கு அந்தக் கணக்கு ஏறாது. ஆனால் சட்டை காய்ந்திருந்தால் ஆள் சுகம் என்பது மட்டும் தெரியும். அது போதுமாயிருந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு காலை, துணி எடுக்கப் போனவள் சட்டையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். சட்டை பலகையாக விறைத்திருந்தது. தோள்பட்டையில் விரற்கடை உயரத்துக்கு வெண்பனி. கீழே தெருவில் ஜனங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வெல்டர் போன் செய்தான். கடல் பக்கத்தில்தான் இருக்கேன், வெயில் கொளுத்துது, ஒரு குறையும் இல்லை என்றான். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல அதையே இரண்டு தடவை சொன்னான். அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இருபது வருஷம் குடும்பம் நடத்தியதில் அவன் அவளிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

பயத்தில் கை சும்மா இருக்குமா? விறைத்த துணியைப் பார்த்தால் தையல்காரியின் கை எங்கே போகும், இஸ்திரிப் பெட்டிக்குத்தான் போகும். காலரை மட்டும் ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்த வாரம் போனில், வெயில் கொளுத்துது என்று படித்து முடித்துவிட்டு, பின்கழுத்தில் எப்படியோ கொப்புளம் போட்டிருக்கிறது என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனிமே அது மேல கைய வச்சே, பாத்துக்க!" என்று அண்ணி கத்தினாள். அதற்குப் பிறகு சட்டைக்குச் சூடு காட்டவும் பயம், அப்படியே விடவும் பயம். நாளுக்கு நாள் பனி கெட்டியானது. பாக்கெட்டில் மணலுக்குப் பதிலாகக் கன்னங்கரேலென்று கல்தூள் சேர்ந்தது.

அண்ணி மூன்று நாள் லீவு போட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இப்போது சட்டையின் நிழல் பதினோரு மணிக்கே சுருங்கியது. சுருங்கியபோதும் சட்டையைப் போல இரண்டு மடங்கு நீளம் இருந்தது. அட்லஸைப் புரட்டி ஸ்கேலை வைத்தாள். "கடல் இல்லம்மா. நமக்குக் கிழக்கால, ரொம்ப வடக்க. அங்க மலையும் சுரங்கமும்தான் இருக்கு. இவன யாரோ இடம் மாத்திக் கொண்டுபோய் அடைச்சு வச்சிருக்காங்க" என்றாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், அட்லஸைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

வெளிநாடு போனவர்களின் புகாரைக் கவனிக்கும் அலுவலகத்தில் எழுத்தர் சட்டையைப் பார்த்தார், பனியைச் சுரண்டிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆச்சரியமெல்லாம் படவில்லை. "போன மாசம் ஒரு அம்மா செருப்பு கொண்டுவந்தாங்க, உள்ள நண்டு ஓடுது" என்றார். நிழல் கணக்கை வாங்கிக்கொண்டார். ஆனால் ஆதாரப் பொருள் இல்லாமல் கோப்பு நகராது, சட்டையை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. அவனை முழுசாக ஒரு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதா? மூச்சு முட்டினால்?

"சட்டையில ஒரு பகுதி போதுமா சார்?"

"போதும்மா. ஆனா அடையாளம் தெரியணும்."

அவன் வலதுகைப் பழக்கக்காரன். பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்தாள். துணியில் வெட்டுப் படாமல், இடது கை தோளோடு சேரும் தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். "என்னங்க, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அண்ணி சுவரைப் பார்த்து நின்றாள். கடைசி நூல் விட்டதும், மேஜைமேல் கிடந்த சட்டைக்கையில் பனி உருகிப் போனது. ஐந்து நிமிஷத்தில் அது அந்த அறையைப் போலவே வெதுவெதுப்பாகிவிட்டது. எழுத்தர் அதைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

நாற்பத்தோரு நாள் கழித்து, சுரங்கத்திலிருந்து மீட்கப்பட்டு, வெல்டர் வந்து சேர்ந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான், இரண்டு காதும் கறுத்திருந்தன, ஆனால் கைகால் எல்லாம் இருந்தன. சுரங்கத்தில் கம்பளிகூடக் கொடுக்கவில்லையாம், மேஸ்திரி பக்கத்தில் நின்றுதான் போன் பேச விடுவானாம். அப்புறம் ஒருநாள் நடுப்பகலில், கொட்டும் பனியில், அவனுடைய இடது கை மட்டும் வேர்க்கத் தொடங்கியது. அன்றிலிருந்து கூட இருந்த ஐந்து பேரும் முறை வைத்து அந்தக் கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார்கள். அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். தையல்காரி அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். கை காய்ந்திருந்தது, பழைய காகித வாடை அடித்தது.

அந்தக் கை அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. ஊரெல்லாம் மழை கொட்டினாலும் அவன் இடது கை நனையாது. அங்கே பீரோவில் கரையான் ஏறினால் இங்கே சொறிந்துகொள்வான். சட்டைக்கையை வாங்கிச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று அவள் போனாள். விசாரணை முடியாமல் ஆதாரத்தைத் திருப்பித் தர விதி இல்லை என்றார் எழுத்தர்.

"அப்ப முடிச்சிருங்க சார்."

"முடிச்சா தர முடியாதும்மா. முடிஞ்ச கோப்புகளையெல்லாம் வருஷக் கடைசியில பின்னால மைதானத்துல போட்டு எரிச்சிருவோம்."

அவள் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணிதான் உட்கார்ந்து மனு எழுதினாள். என் கணவர் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை, ஆகவே விசாரணையைத் தொடர வேண்டுகிறேன். எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று முத்திரை வைத்தார். அது ஒரு வருஷத்துக்குச் செல்லும்.

இது பதினான்காவது வருஷம். எழுத்தர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாக விளக்கும்போது அவளுக்குப் பயம், இந்த ஆள் மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று. மனு கொடுக்கும் நாளில் முத்திரை விழும்வரை வெல்டர் வேலைக்குப் போவதில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, இடது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். முத்திரை விழுந்ததும் அவள் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, எழுத்தர் வேறு பக்கம் திரும்பும் நேரத்தில் சட்டைக்கையின் மணிக்கட்டை ஒருமுறை இறுக்கிப் பிடிப்பாள். இங்கே வெல்டர் மூச்சை விட்டு, வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, பட்டறைக்குக் கிளம்புவான்.