இடப்பக்கம் போன வில்லைகள்

மார்கரெட் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாள். வலப்பக்கம் இருந்த இட்லியைத் தின்றுவிட்டுக் கையை உதறப்போன அவள் கணவர் தைரியநாதன், இன்னொன்றைக் கண்டு திகைத்தார்.

"தீந்துபோச்சுன்னு நெனச்சேனே."

"இருக்குது. துன்னுங்க."

ஒரு விள்ளலுக்கு மேல் இறங்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியதிலிருந்து இப்படித்தான். அவர் வாயை அவள் துடைத்துவிட்டாள்.

பட்டாளத்தில் இருந்தபோது, பறக்கும் களிமண் வில்லைகளைச் சுடும் போட்டிகளில் பேர் வாங்கியவர் அவர். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக்குத் துப்பாக்கியோடு காவல் நின்றபோதும் அந்தப் பித்து விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மார்கரெட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலையடியில் இருந்த அண்ணன் அந்தோணிதாஸின் தரிசுக்குப் போவார். அவருக்குப் பின்னால் நின்று, வீசுகோலில் வில்லையைச் சொருகிக்கொண்டு அவள் காத்திருப்பாள். "வுடு!" என்பார். வீசுவாள். மலையைப் பார்த்துப் பறக்கும் வில்லை நடுவானில் கறுப்புத் தூளாகச் சிதறும். அதைப் பார்க்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பிறகு குறி தவற ஆரம்பித்தது. வலப்பக்கம் போனவை சிதறின. இடப்பக்கம் போனவை முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தன.

"துப்பாக்கிய பாதியில நிறுத்திடறேன் போல" என்று, குழலை நிறுத்தாமல் வில்லையோடு கடைசிவரை நகர்த்திச் சுட்டுப் பார்த்தார். சுடும்போது கன்னம் மேலே எழும்புகிறதோ என்று துப்பாக்கிக் கட்டையின் மேல் அட்டை வைத்துக் கட்டினார். காலை மாற்றி நின்றார். குழல் முனையைப் பார்க்காமல் வில்லையை மட்டுமே பார்த்தார்.

"பாத்துக்கினே இருக்கேன் மார்கரெட்டு. திடீர்னு இல்லாம பூடுது."

அன்றைக்கு வெயில். அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"உங்களுக்கு பயம் வந்துடுச்சு. சத்தம் வர்றதுக்கு முந்தியே கண்ண மூடிக்கிறீங்க. இன்னும் எத்தினி வில்லய நான் வீசறது?"

அவர் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சில நாளில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். பயந்தவன் காவலுக்கு நிற்கக் கூடாது என்று வேலையையும் விட்டார். வீட்டில் யார் கேட்டும் காரணம் சொல்லவில்லை.

சங்கராபுரம் ரோட்டில், இடப்பக்கம் நின்றிருந்த டிராக்டரில் வண்டியோடு போய் மோதிய பிறகுதான் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் கட்டி.

"ரெண்டு கண்ணுலயும் இடதுபக்கம் தெரியாதும்மா. தெரியலங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

தலையில் வீக்கம் என்று மட்டும் அவள் அவரிடம் சொன்னாள். மற்றதைச் சொல்லப்போனால் தரிசில் சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்தோணிதாஸ் வந்து கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இன்னும் வரலியா?" என்று தைரியநாதன் கேட்டார்.

அந்தோணிதாஸ் மார்கரெட்டை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து மறுபக்கம் போய் நின்றார். "வந்துட்டேன்டா" என்றார். பங்குச் சாமியாரை அழைத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

"மார்கரெட்டு."

"இன்னாங்க?"

"நீ சொன்னதுதான் சரி. எவ்ளோ யோசிச்சாலும் வேற காரணம் கெடைக்கல. பயந்துதான் போயிட்டேன்."

"அது இல்லீங்க..."

"வுடு" என்று கையை அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்கி எழட்டும், சொல்லிவிடலாம் என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எழவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சாமியார் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அந்தோணிதாஸ் தம்பியின் பாதி திறந்திருந்த கண்களை மூடிவிட்டார். மார்கரெட் குனிந்து, கணவரின் காதில் வாயை வைத்தாள்.

"பயம் இல்லீங்க. கண்ணு தெரியல. உங்களுக்குக் கண்ணு தெரியல. பயம் இல்லீங்க."

அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்து அந்தோணிதாஸ் தலையைக் குனிந்து நின்றார். அவள் நிறுத்தியதும், "ஆமென்" என்றார்.

தெருவில் பந்தல்காரர் நாற்காலிகளை இறக்கி வீட்டைப் பார்த்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தூறல் விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, போட்ட நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார்.