சாட்சிக்குப் போகாதவர்

அமெரிக்காவில் அரசியல் படித்து ஊர் திரும்பிய ஞானாபரணம், 1936இல் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் அந்நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பேசினார்.

"அங்க ரெண்டு கட்சி. ஒண்ணு சரியில்லன்னா ஜனங்க ஓட்டுப் போட்டு மாத்திடுவாங்க."

"கறுப்பு ஜனங்களுமா சார்?" என்று கேட்டார் செந்தூல் ரயில் பட்டறைத் தொழிலாளி பக்கிரிசாமி.

அங்கே ஞானாபரணத்துக்கு அறை கொடுத்திருந்த கறுப்பர், ஓட்டுப் போடக் கிளம்பியபோது வெள்ளையர் தடுத்தால் சாட்சி சொல்ல இவரைக் கூப்பிட்டார். பரீட்சை என்று இவர் பொய் சொன்னார். மறுநாள் ஆற்றில் அவர் பிணம் மிதந்தது. எட்டு வருஷமாக அந்தக் குரல் இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

"சட்டத்துல உண்டு," என்றவர் தயங்கினார். "ஆனா ஓட்டுப் போடப் போனவரக் கொன்னுட்டாங்கய்யா. நான் கூடப் போகல."

"அவரு பேரு என்ன சார்?"

"எலைஜா."

அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.